கரடி இருந்த இடம்

நூலகத்தின் குழந்தைகள் பிரிவைப் பார்த்துக்கொள்கிறவரை எல்லாரும் உஷ் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். உதட்டில் விரலை வைத்து அவர் போடும் 'உஷ்' மாடிப்படி வரைக்கும் கேட்கும். சத்தம் போட்ட குழந்தையின் குரலைவிட அது பெரிதாகவே இருக்கும் என்பதை யாரும் அவரிடம் சொன்னதில்லை. பார்க்கப்போனால் அவர் நல்ல மனுஷி. கிழிந்த பக்கத்தை ஒட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. சனிக்கிழமை மதியம் பாயில் உட்கார்ந்து பாட்டு வாசிக்க ஆரம்பித்தார் என்றால், வாசலில் செருப்பை மாட்டிய குழந்தைகூடக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடி வந்துவிடும்.

அந்தப் பிரிவில் வீட்டுக்கு எடுத்துப்போகக் கூடாத புத்தகங்களுக்கென்று ஓர் அலமாரி உண்டு. கண்ணாடிக் கதவு, சின்னப் பூட்டு. சாவி அக்காவின் இடுப்பில் தொங்கும்; கேட்டால் அங்கேயே வைத்துப் பார்க்க எடுத்துக் கொடுப்பார். உள்ளே இருந்தவை எல்லாம் விலங்குப் பாட்டுப் புத்தகங்கள். ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரியது. மடியில் வைத்துத் திறந்தால் குழந்தையின் கால் மட்டும்தான் வெளியே தெரியும். தாள் வழவழவென்று கனமாக இருக்கும். அதில் வரைந்திருந்தவர் கஞ்சத்தனம் அறியாத ஆள்: முள்ளம்பன்றிக்கு ஒவ்வொரு முள்ளும் தனித்தனியாக, தவளையின் முதுகில் மழைத்துளி உட்பட. பக்கம் நிறையப் படம், ஓரத்தில் நாலே வரிப் பாட்டு. குழந்தைகளுக்கு எல்லாவற்றிலும் பிடித்தது கரடிப் பக்கம்.

கம்பளி ஒன்று கொடு என்றே
கரடி கதவைத் தட்டியது;
உன்மேல் இருப்பது என்ன என்றேன்,
உற்றுப் பார்த்து வெட்கியது.

வெட்கப்படும் அந்தக் கரடி தலையை ஒரு பக்கம் சாய்த்து, இடது பாதத்தை உள்பக்கம் திருப்பி நிற்கும். அதைப் பார்த்ததும் பாயில் இருக்கிற குழந்தைகள் எல்லாம் தங்கள் இடது பாதத்தையும் திருப்பிக்கொள்ளும்.

ஒரு சனிக்கிழமை, பாட்டை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே அக்கா பக்கத்தைத் திருப்பிக் குழந்தைகள் பக்கம் காட்டினார். ஒரு குழந்தையும் பாதத்தைத் திருப்பவில்லை. எல்லாம் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தன. அக்கா புத்தகத்தைத் தன் பக்கம் சாய்த்துப் பார்த்தார். கதவு இருந்தது, கதவுக்கு வெளியே பனி இருந்தது. கரடி இல்லை. கரடி இருந்த இடத்தில் கரடி அளவுக்கு ஓர் ஓட்டை. அதன் வழியாக அடுத்த தாளின் குளமும் ஒரு கொக்கின் இரண்டு கால்களும் தெரிந்தன.

குழந்தை கிழித்திருந்தால் அவருக்குத் தெரியும். எத்தனை கிழிசல் பார்த்த கை அது. இது கிழிசல் இல்லை. காதின் வளைவு, விரல் நகங்களின் இடைவெளி, எதிலும் பிசிறு இல்லாமல் யாரோ பொறுமையாக, கூரான கத்தியால் வெட்டியெடுத்திருந்தார்கள். தாளின் மறுபக்கம் இருந்த நத்தைப் பாட்டில் முதல் இரண்டு வரி கரடியோடு போய்விட்டது. நத்தை எங்கே கிளம்பியது என்று தெரியாமலே விருந்துக்குப் போய் வெறும் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றது.

மற்ற புத்தகங்களையும் இறக்கிப் புரட்டினார். ஆமை போயிருந்தது. இன்னொன்றில் ஒட்டகச்சிவிங்கி, கழுத்து முழுசாக. பிறகு ஒரு வாரம் கழித்து ஆந்தையும் போயிற்று. தலைமை நூலகர் அம்மாவிடம் சொன்னார். ஓய்வு பெறப் போகும் அந்த அம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு கவனியுங்கள் என்றார். அவ்வளவுதான் உதவி.

அக்கா கவனித்தார். யார் மேல் கண் விழுந்தது என்றால், வேன்காரர் மேல். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். மாலையில் பிள்ளைகளை இறக்கிவிட்ட பிறகும் விடுமுறை நாட்களிலும் ஒன்றாம் வகுப்பு படிக்கும் மகளைக் கூட்டிக்கொண்டு வருவார். மகளுக்கு இந்த அலமாரியைத் தவிர வேறு அலமாரி இருப்பதே தெரியாது. ஆந்தை போன அன்று அந்தப் புத்தகம் கடைசியாக அவள் மடியில் இருந்தது என்று மற்ற பிள்ளைகள் சொன்னார்கள். அடுத்த முறை வேன்காரர் கிளம்பும்போது, மேசைக்கு எதிரே எல்லாப் பெற்றோரும் நிற்க, பையைக் கொஞ்சம் திறந்து காட்டச் சொன்னார் அக்கா.

அவர் திறந்தார். டிபன் டப்பா, தண்ணீர் பாட்டில், கண்ணாடி துடைக்கிற துணி, மகளின் ஸ்வெட்டர். அடியில், பள்ளிக் கைவேலைக்கு வாங்கிய ஒரு சின்னக் கத்தரிக்கோல். மழுங்கல் முனை, அதால் வெண்டைக்காய்கூட வெட்ட முடியாது. ஆனால் அக்கா அதைக் கையில் எடுத்து, "இது எதுக்கு?" என்று கேட்டார். கேள்வி சின்னதுதான். அறையே திரும்பிப் பார்த்தது. வேன்காரர் கத்தரிக்கோலை வாங்கிப் பையில் போட்டு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார். அதற்கப்புறம் வரவில்லை.

அதற்கப்புறம் ஒரு விலங்கும் காணாமல் போகவில்லை. அக்காவுக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் தீர்ந்தது. பையைச் சோதித்த அன்று இரவுச் சாப்பாட்டின்போதே கணவரிடம் ஒன்று விடாமல் சொல்லியிருந்தார். கணவர் கேட்டுக்கொண்டே தண்ணீர்ச் சொம்பை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். "பாவம், பிள்ளைய வச்சிருக்கிற மனுஷன். விட்டுடேன்" என்றார். அவர் இளகிய மனசுக்காரர். அப்படித்தான் சொல்வார் என்று அக்கா நினைத்துக்கொண்டார்.

கணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரின் மறுகோடியில் ஒரு பேக்கரியில் கேக் போடுகிறவர். அங்கே எல்லாருக்கும் அவர் மாஸ்டர். விடியுமுன் வேலைக்குப் போய் மதியம் முடித்துவிடுவார். முடித்ததும் நேராக நூலகத்துக்கு வந்து, அக்கா பூட்டும் வரை குழந்தைகள் பிரிவிலேயே காத்திருப்பார். அங்கே பெரிய நாற்காலி கிடையாது. பொம்மை அலமாரிக்குப் பின்னால், முழங்கால் மார்பை இடிக்க ஒரு குட்டி நாற்காலியில் மடங்கி, அந்தப் பெரிய புத்தகங்களில் ஒன்றைப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பிள்ளைகள் அவரைப் பார்த்துச் சிரிக்கும். மகள் வேலை கிடைத்து வெளியூர் போனபின் வீட்டில் தனியாக என்ன செய்வார், இருக்கட்டும் என்று அக்காவும் விட்டுவிட்டார். ஒருமுறை அந்த அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை ஒரே ஒரு ராத்திரிக்கு வீட்டுக்கு எடுத்துப்போகலாமா என்று அவர் கேட்டதும், உங்களுக்குன்னு தனிச் சட்டமா என்று நாலு பேர் முன்னிலையில் அக்கா சொன்னதும் உண்டு. அதை அக்கா அன்றே மறந்துவிட்டார்.

குழந்தைகள் பிரிவு தொடங்கிய நாளைக் கொண்டாடலாம் என்று தலைமை நூலகர் அம்மா முடிவு செய்தபோது, கேக் எங்கிருந்து என்பதில் பேச்சே இல்லை. மாஸ்டரின் பேக்கரியிலிருந்து காலையிலேயே பெரிய அட்டைப்பெட்டி வந்தது. அக்கா அதைப் பின்னறைக்குக் கொண்டுபோய் மூடியைத் திறந்தார்.

சாக்லேட்டில் ஒரு கதவு. வெள்ளைக் கிரீமில் பனி. கதவுக்கு முன்னால், சர்க்கரை மாவைத் தகடாகத் தேய்த்து வெட்டிய பழுப்புக் கரடி. தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. இடது பாதம் உள்ளே திரும்பியிருந்தது.

முதலில் அவருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. மனுஷன் எத்தனை தடவை இங்கே உட்கார்ந்து பார்த்திருக்கிறார், மனசிலேயே பதிந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தார். அப்புறம் கரடியின் நகங்களைப் பார்த்தார். காதைப் பார்த்தார். அவருடைய கால் தானாக அலமாரிப் பக்கம் போயிற்று. வெட்டுப்பட்ட புத்தகத்தை எடுத்து வந்து, அந்த ஒற்றைத் தாளை மட்டும் கேக்குக்கு மேலாகப் பிடித்து, மெல்லத் தாழ்த்தினார். பாத்திரத்துக்கு அதன் மூடி பொருந்துவது மாதிரி, ஓட்டைக்குள் கரடி வந்து நின்றது. ஒரு நூல் கூடுதல் இல்லை, குறைவில்லை.

வெளியே பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். உஷ் சொல்லக்கூட வரவில்லை. கேக்கை யார் வெட்டினார்கள், யார் யாருக்குக் கொடுத்தார்கள், ஒன்றும் மனசில் நிற்கவில்லை. "கம்பளிக் கரடி!" என்று ஒரு குழந்தை கத்தியது மட்டும் காதிலேயே இருந்தது. தன் பங்குத் துண்டைக் காகிதத் தட்டோடு ஜன்னலில் வைத்துவிட்டு, தலைவலி என்று சொல்லி அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

பேக்கரியின் பின்கட்டில் அடுப்பு அணைத்த சூடு இன்னும் இருந்தது. மாஸ்டர் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். மனைவி வாசற்படியில் நிற்பதைப் பார்த்தார். ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. துணியை மடித்து வைத்துவிட்டு, மாவு மூட்டைகளுக்கு மேல் இருந்த பலகையிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்துத் திறந்தார். பட்டர் பேப்பருக்கு ஒன்றாகக் கரடி, ஆமை, ஆந்தை. நீள ரொட்டி சுடும் அச்சு ஒன்றைத் தனியாக எடுத்தார். அதில் ஒட்டகச்சிவிங்கி, கழுத்து மடங்காமல் படுத்திருந்தது.

அக்கா மாவு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார்.

"போன்ல படம் எடுத்திருக்கலாமே."

"எடுத்துப் பார்த்தேன். அளவு சரியா வரல. நிறமும் வேற மாதிரி இருந்துச்சு."

"கேக்குக்காகவா இப்படிப் பண்ணீங்க?"

"முதல்ல அப்படித்தான் நினைச்சேன். கரடி கேக் கேக்கிறாங்க, ஆமை கேக்கிறாங்க. ஆந்தை யாரும் கேட்டதில்ல. அதையும் எடுத்தேன்."

"எதுக்கு?"

"வேணும்னு இருந்துச்சு."

நாற்பத்தாறு வயது ஆள் சொல்லும் பதிலா இது? மிட்டாயை எடுத்துவிட்டு மாட்டிக்கொண்ட பிள்ளை சொல்கிற பதில். காலையில் டீ குடிக்கும்போது டப்பாவைத் திறந்து ஆந்தையைப் பார்ப்பாராம். மற்றவர்கள் வேலைக்கு வருமுன். பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு ஆளில்லாத வகுப்பில் கரும்பலகை முன் நிற்கிற ஆந்தை அது. பகலெல்லாம் தூங்கிவிட்டு வந்து, பாடம் சொல்ல யாருமில்லாமல் அது நிற்கிற பாட்டையும் முழுசாகச் சொன்னார். அக்கா தன்னோடு இருபத்தைந்து வருஷம் குடித்தனம் நடத்திய மனிதரை, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த யாரோ ஒருவரைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

அடுத்து அவருக்கு நினைவு வந்ததுதான் அவரை நிஜமாகவே உலுக்கியது.

"அந்த வேன்காரரப் பத்தி அன்னைக்குச் சாப்பிடும்போது சொன்னேனே. உக்காந்து கேட்டீங்களே."

"அதோட நிறுத்திட்டேன். அப்புறம் ஒண்ணுகூட எடுக்கல."

"நீங்க நிறுத்தினதாலதாங்க அவருதான் திருடன்னு முடிவு பண்ணேன்."

அப்படி ஒரு கோணம் இருக்கும் என்று மாஸ்டர் நினைத்தே பார்க்கவில்லை. நிறுத்திவிட்டால் எல்லாம் அடங்கிவிடும், அந்த மனுஷன் திரும்ப வந்துவிடுவார் என்று இருந்திருக்கிறார். கையைத் துடைக்கத் துணியைத் தேடினார். துணி எதிரிலேயே இருந்தது.

மறுநாள் காலை அக்கா நடந்ததைச் சொல்லி, டப்பாவையும் அச்சையும் தலைமை நூலகரின் மேசையில் வைத்தார். அந்த அம்மா ஆமையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, யாருக்கெல்லாம் தெரியும் என்று கேட்டார். நம் மூவருக்குத்தான் என்றதும் கதவைச் சாத்தச் சொன்னார். ஒட்டிவிடுங்கள், ஒட்டுவதில்தான் உங்களை மிஞ்ச ஆள் இல்லையே, நான் போகிற நேரத்தில் எதற்கு வம்பு என்றார். நேற்றிலிருந்து இனிமேல் அதிர ஒன்றுமில்லை என்றிருந்த அக்காவுக்கு இதுவும் தூக்கிவாரிப்போட்டது. அந்த அம்மாவை அவர் நேர்மையின் மறு உருவம் என்று பத்துப் பேரிடமாவது சொல்லியிருப்பார்.

அக்கா கதவைச் சாத்தவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போனார்.

வேன்கள் வரிசையாக நின்ற மதிலோரம் வேன்காரர் ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தார். அக்கா சுற்றி வளைக்காமல் சொன்னார்: வெட்டினது என் வீட்டுக்காரர். உங்களைச் சந்தேகப்பட்டது தப்பு. மன்னித்துவிடுங்கள். வேன்காரர் துடைப்பதை நிறுத்தவில்லை. அந்த ஜன்னலை முடித்து அடுத்த ஜன்னலுக்குப் போனார்.

"அன்னைக்குச் சாயங்காலம் என் பொண்ணு கேட்டா, அப்பா நீங்க எடுத்தீங்களான்னு. இல்லம்மான்னு சொன்னேன். சரின்னா. அப்புறம் நான் டீ குடிச்சிட்டு வந்து பார்த்தா, வேனுக்குள்ள குனிஞ்சு சீட்டுக்கு அடியில தேடிட்டிருக்கா."

அக்கா வேனுக்குள் இருந்த சீட்டுகளைப் பார்த்தார்.

"எல்லார் முன்னாடியும் பையைத் திறக்கச் சொன்னீங்க. இப்பத் தனியா வந்து சொல்றீங்க, அக்கா" என்றார் வேன்காரர். குரல் உயரவே இல்லை.

அக்கா வரச் சொன்ன சனிக்கிழமை வேன்காரரும் மகளும் வந்தார்கள். பாய் நிறையக் குழந்தைகள், சுவரோரம் பெற்றோர். தலைமை நூலகர் அம்மா அன்று வரவில்லை. அக்கா புத்தகம் எதையும் எடுக்காமல் எழுந்து நின்றார். வேன்காரரைக் காட்டி, இவர் பையை உங்கள் எல்லார் முன்னாலும் சோதித்தேன், இவர் எதையும் எடுக்கவில்லை, எடுத்தது என் கணவர் என்றார். உட்கார்ந்திருந்த ஓர் அம்மாவின் கையிலிருந்து தண்ணீர் பாட்டில் நழுவி உருண்டது. அதை யாரும் எடுக்கவில்லை. அடுத்தது யாரும் எதிர்பாராதது, அக்காவே எதிர்பார்க்கவில்லை. வாசலில் நின்றிருந்த மாஸ்டர் உள்ளே வந்து, பிள்ளைகளுக்கு நடுவே தலையைக் குனிந்து நின்றார். வெளியிலேயே இருங்கள் என்று அக்கா சொல்லித்தான் கூட்டிவந்திருந்தார்.

வேன்காரரின் மகள் எழுந்து அவர் முன் வந்து நின்றாள். அவர் இடுப்பளவுகூட இல்லை.

"ஆந்தையை ஏன் எடுத்தீங்க?"

"எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு, பாப்பா."

"எனக்கும்தான் பிடிச்சிருந்துச்சு" என்றாள் அவள். "நான் வெட்டலையே."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை, கணக்கில் தப்புக் கண்டுபிடித்தவள் மாதிரி சொன்னாள். மாஸ்டர் அழுததை அக்கா அதற்கு முன் பார்த்தது, மகள் பிறந்த அன்று மட்டும்தான்.

விஷயம் மேலிடம் வரை போயிற்று. விசாரணை நடந்தது. வெட்டுப்பட்ட புத்தகங்களுக்குப் பதிலாக மாஸ்டர் புதியவை வாங்கிக் கொடுத்தார். ஒரு வருடம் நூலகத்துக்குள் நுழையக் கூடாது என்றார்கள். அக்காவைச் சில மாதம் கீழே நாளிதழ்ப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே பெரியவர்கள் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு தூங்குவார்கள். உஷ் சொல்ல வேலையே இல்லை. வெட்டிய விலங்குகளை அக்கா பழைய புத்தகங்களில் திரும்ப ஒட்டியிருந்தார். புதிதும் பழசும் அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் பிள்ளைகள் பழையதைத்தான் கேட்கிறார்கள் என்று மேலேயிருந்து சேதி வந்தது. கரடியை முகர்ந்து பார்க்கிறார்களாம். வெண்ணெயும் வெனிலாவும் இன்னும் வாசம் அடிக்கிறதாம்.

வேன்காரர் மகளைக் கூட்டிக்கொண்டு பழையபடி வர ஆரம்பித்தார். அக்கா திரும்பத் தன் பிரிவுக்கு வந்தபின், கிளம்பும்போது அவர் பையைத் தானாகவே திறந்து மேசை மேல் வைத்தார். வேண்டாங்க என்றார் அக்கா. பாத்துக்கோங்க என்றார் அவர். இன்றும் அப்படித்தான். குத்திக்காட்டுகிறாரா, பழகிப்போய்விட்டதா என்று அக்காவுக்குத் தெரியவில்லை. கேட்கவும் வாய் வரவில்லை.

வீட்டில் ரொம்ப நாள் பேச்சு உப்பு இருக்கா, தண்ணி வந்ததா என்ற அளவில்தான் ஓடியது. பிறகு ஒரு விடுமுறை நாளில் அக்காவே மாஸ்டரைப் புத்தகக் கடைக்குக் கூட்டிப்போனார். உங்களுக்கு ஒண்ணு எடுத்துக்குங்க என்றார். அவர் பிள்ளைகள் வரிசையில் வெகுநேரம் நின்றார். கடைசியில், அக்கா பாயில் உட்கார்ந்து வருஷக்கணக்காக வாசித்துத் தேய்ந்த ஒரு புத்தகத்தின் புதுப் பிரதியையே எடுத்துக்கொண்டார்.

மாலையில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு, சாப்பாட்டு மேசையில் அதை விரித்தார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, பழக்கதோஷத்தில், பக்கத்தின் ஓரம் மடங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். மாஸ்டர் ஒட்டகப் பக்கத்தில் நிறுத்தி, "இதப் பாத்திருக்கியா?" என்றார்.

"நூறு தடவ வாசிச்சிருக்கேன்."

"பாட்ட இல்ல. நிழலப் பாரு."

ஒட்டகம் வாயை இறுக்க மூடிக்கொண்டு, புகைப்படத்துக்கு நிற்பதுபோல் விறைப்பாக நின்றது. மணலில் விழுந்த அதன் நிழல், வாயை முழுசாகப் பிளந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது.

அக்கா படத்தையே பார்த்தார். இத்தனை வருஷமாக இந்தப் பக்கத்தைக் குழந்தைகள் பக்கம் திருப்பித் திருப்பிக் காட்டியிருக்கிறார். அவர்கள் ஏன் அந்த இடத்தில் மட்டும் சிரிக்கிறார்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. சிரித்தால் உஷ் என்றிருக்கிறார். மாஸ்டர் அடுத்த பக்கத்துக்குப் போகத் தாளைத் தூக்கினார்.

"இருங்க" என்றார் அக்கா. "முதல்லேருந்து வாங்க."